திதி நாளில் சிவப்புப் பயறு

கடற்படைக் குடியிருப்புக்குப் புதிதாக வந்து இறங்குகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதல் சொந்தக்காரி தோக்சுன்தான். அப்படித்தான் அவளே சொல்லிக்கொள்வாள். சாமான் லாரி மேட்டில் திணறி ஏறி வருவதற்குள் கையில் ரப்பர் உறையோடு வாசலில் நிற்பாள். எந்தக் குழாய் குளிரில் உறையும், எந்த டாக்டர் குழந்தைக்கு எடுத்த எடுப்பிலேயே ஊசி போடுவார், நகரத்துக்குப் போகும் பஸ் எந்த வளைவில் நிறுத்தாமலே போய்விடும் என்று எல்லாம் அவளிடம் கேட்டுக்கொள்ளலாம். கேட்காவிட்டாலும் சொல்லுவாள். வாய்க்குப் பூட்டுக் கிடையாது; கை அதைவிட வேகம். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அவளை நல்லவள் என்பதா கெட்டவள் என்பதா என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் பாடு.

மேட்டின் மேலே குடியிருப்பு, கீழே நோருகே என்ற மீனவர் ஊர். மேட்டுக்காரர்கள் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்கள் என்பதால் ஊர்க்காரர்கள் அவர்கள் முகத்தைக்கூட மனதில் வைத்துக்கொள்வதில்லை. தோக்சுன் மட்டும் விதிவிலக்கு. அவள் கணவர் பெயர் பியோங்கில்; கப்பலில் அதிகாரிகளுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களில் எல்லோருக்கும் மூத்தவர். பத்து வருடத்துக்கும் மேலாக இதே துறைமுகம். அந்தப் பத்து வருடமும் கணவாய் மீன் பருவத்தில் தோக்சுன் கீழே இறங்கிப்போய், ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து கணவாயைக் கிழித்துக் குடல் எடுத்து மூங்கிலில் கோத்திருக்கிறாள். டேஜானில் பிறந்து கடலையே கல்யாணத்துக்கு முன் பார்த்திராதவள் அவள். 'டேஜான்காரி' என்று ஊர் கூப்பிடும்போது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அதில் காரியமும் இருந்தது. அடுத்த வருடம் பியோங்கிலுக்கு ஓய்வு. குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். கீழே மல்யோன் வீட்டை ஒட்டி, நீலத் தகரக் கூரை போட்ட சின்ன வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. மல்யோனின் மாமியார் வாழ்ந்த வீடு. "சியோல்லேருந்து வந்து காபிக்கடை போடறேங்கிறான் ஒருத்தன். அவனுக்குக் குடுக்கிறதுக்கு நான் அதை இடிச்சே போட்டுடுவேன். உன் புருஷன் ரிட்டயர் ஆகட்டும், டேஜான்காரி, உனக்குத்தான்" என்று மல்யோன் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தலைவி அவள். அவள் சொன்னால் சொன்னதுதான். ஊரில் வீடு இருந்தால்தான் பாறையில் கடற்பாசி எடுக்கிற பங்கில் பேர் சேரும். அந்த நீலக் கூரையைத் தோக்சுன் மேட்டிலிருந்து தினமும் பார்ப்பாள்.

இந்த நிலைமையில்தான் போமி வந்தாள்.

அவள் கணவன் தேகியூ, தோக்சுனின் கணவர் வேலை பார்க்கிற அதே கப்பலில், அவருக்குக் கீழே. லாரி வந்த அன்று வழக்கம்போலக் கப்பல் கடலில் இருந்தது. போமி ஒல்லியாக, முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஐந்து வயதுப் பெண்ணை ஒரு கையிலும் மீன் தொட்டியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு லாரியிலிருந்து இறங்கினாள். கல்யாணமாகி இது நாலாவது ஊர்.

"நீங்க உக்காருங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்றாள், தோக்சுன் அரிசி மூட்டையைத் தூக்கியதும்.

"என்ன மேடம் கீடம்? இங்க பொம்பளைங்களுக்குள்ள பதவி கிதவியெல்லாம் கிடையாது. ஆம்பளைங்க கப்பல்ல சல்யூட் அடிச்சுக்கட்டும். நான் உனக்கு அக்கா. எங்க, சொல்லு பாப்போம்!"

"சரிங்க மேடம்."

தோக்சுன் வயிறு குலுங்கச் சிரித்தாள். போமியும் சிரித்தாள். நல்ல பெண், கூச்ச சுபாவம் என்று தோக்சுன் மனதில் எழுதி வைத்துக்கொண்டாள்.

சாமான்களுக்கு நடுவே ஒரு பெரிய நாற்காலி வந்தது. ஏற்றி இறக்குகிற அழகு நிலைய நாற்காலி. போமிக்கு முடி வெட்டுவதும் சுருட்டுவதும்தான் தொழில். மூன்று ஊரில் கடை வைக்கப் பார்த்து, வாடிக்கை பிடிப்பதற்குள் மாற்றல் வந்துவிட்டதாம். அந்த நாற்காலியை மட்டும் எங்கே போனாலும் விடாமல் இழுத்துக்கொண்டு வருகிறாள்.

"அடி இவளே, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று தோக்சுன் குதித்தாள். "இந்த ஊர்ல ஒருத்திக்கு முடி சுருட்டணும்னா ஒரு நாளு பொழப்பைக் கெடுத்துக்கிட்டு பஸ் ஏறணும். மீன் ஏலக் கொட்டாய் பக்கத்துல மல்யோன் அக்காவோட ரூம் ஒண்ணு சும்மா கெடக்கு. நான் கேட்டா மாட்டேன்னு சொல்லாது. மொதல்ல ஊருக்குப் பலகாரம் குடு. மத்தது தானா நடக்கும்."

குடிவந்தவர்கள் அக்கம்பக்கத்துக்குச் சிவப்புப் பயறு தூவி அவித்த அரிசிப் பலகாரம் கொடுப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். சிவப்பைக் கண்டால் கெட்டது அண்டாது. மேட்டுக்காரர்கள் பெரும்பாலும் மாடிக்கு மாடி கொடுத்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். கீழே ஊருக்கும் கொடுக்க வேண்டும் என்பது தோக்சுன் கண்டுபிடிப்பு.

"என்னைக்குக் குடுக்கலாம்னு ஊர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா மேடம்?" என்று போமி தயங்கினாள். "எங்களுக்குப் புது இடம். எந்த வீட்ல என்னன்னு தெரியாது."

"என்னைக் கேட்டாச்சுல்ல? எந்த வீட்ல யாரு எப்ப மூக்குச் சிந்துவாங்கன்னுகூட எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லாரும் வேலை முடிச்சு வீட்ல இருப்பாங்க. மாவரைச்சுப் பலகாரம் அவிக்கிற கடையில நானே சொல்லிடறேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் சூடான தட்டுகளைத் துணி போட்டு மூடிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார்கள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். ஊர் அமைதியாக இருந்தது. எல்லா வீட்டு வெளிக்கதவும் திறந்து கிடந்தது.

"துணி காயப்போடற கொடி ஒண்ணையும் காணோமே மேடம்? மத்தியானம் மேலேருந்து பாக்கறப்ப வரிசையா இருந்துச்சு."

"காத்து வரப்போவுது. அதான் அவுத்துட்டாங்க" என்றாள் தோக்சுன், வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பத்து வருடம் அந்த ஊரில் புழங்கியவள் அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். கொடியை அவிழ்ப்பதும் கதவைத் திறந்து வைப்பதும் எதற்கென்று அந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். திதியன்று செத்தவர் வீட்டுக்கு வரும்போது கழுத்தில் கயிறு தட்டக் கூடாது என்பதற்காகத்தான். ஆனால் தோக்சுனுக்குப் பேச்சு மும்முரம். மல்யோனிடம் அறையை எப்படிக் கேட்பது, வாடகையை எப்படிக் குறைப்பது என்று போமிக்குப் பாடம் எடுத்துக்கொண்டே நேராக மல்யோன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"அக்கா! இருக்கியா? புதுப் பொண்ணைக் கூட்டியாந்திருக்கேன்! போ போமி, உன் கையாலயே கொண்டுபோயி வெச்சுடு. கூச்சப்படாதே, நம்ம வீடு."

போமி செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்த தலையோடு கூடத்து விளிம்பில் தட்டை வைத்துத் துணியை விலக்கினாள். பயற்றின் வாசனை ஆவியாக எழுந்தது. ஊதுவத்தி வாசனை தோக்சுனின் மூக்கில் அதற்குப் பிறகுதான் ஏறியது. உள்ளே தாழ்வான மேசையில் பழம், மீன், வெள்ளைச் சோறு, சோஜுச் சாராயம் எல்லாம் வைத்து, நடுவில் இளம் வயதிலேயே கடலில் போன மல்யோன் கணவரின் படம்.

அந்த வருடம் சந்திரக் கணக்கில் ஒரு மாதம் கூடுதலாக வந்த வருடம். திதிகளெல்லாம் பின்னுக்குத் தள்ளிப் போயிருந்தன. ஊர்க்காரர்கள் நாட்காட்டி வாங்கிய கையோடு வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். தோக்சுன் போன வருட நினைப்பிலேயே இருந்தாள். தான் மகளைப் பார்க்க டேஜான் போயிருந்த சமயத்தில் அந்தத் திதி வந்து போயிருக்கும் என்று முடிவு கட்டியிருந்தாள். ஒரே புயலில் ஒரே படகு போய், ஏழெட்டு வீட்டில் ஒரே நாளில் திதி கொடுக்கிற ஊர் அது. கெட்டதை விரட்டுகிற சிவப்புப் பயறு செத்தவர்களையும் விரட்டிவிடும் என்பதால் திதி வீட்டில் அதை அடுப்பில்கூட ஏற்ற மாட்டார்கள். இங்கே சுடச்சுடத் தட்டில் கொண்டுவந்து படையலுக்கு நேர் எதிரே வைத்தாகிவிட்டது.

மல்யோன் வெள்ளை உடையோடு சமையலறையிலிருந்து வந்தாள். தட்டைப் பார்த்தாள். திறந்து கிடந்த வாசல் கதவைப் பார்த்தாள்.

"எவ கொண்டாந்தா இதை?"

போமி தட்டின் மேல் துணியை மறுபடி இழுத்து மூடினாள்.

"உடம்பு கெடைக்காத மனுசன். கும்பிட ஒரு குழிகூட இல்ல. வருசத்துக்கு இந்த ஒரு சாயங்காலம்தான் இந்த வாசப்படி ஏறுவாரு. எவ சொல்லி இதைக் கொண்டாந்தீங்க?"

அவள் குரல் கேட்டு அடுத்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்துவிட்டார்கள். தோக்சுன் முகத்தில் ஈயாடவில்லை. 'நான்தான், அக்கா. நாளைத் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அந்த நேரம் அவள் மனதில் நீலக் கூரை வந்து நின்றது. புதிதாக வந்தவள் செய்தால் அறியாத்தனம். பத்து வருடம் பழகியவள் செய்தால் அதற்கு மன்னிப்பே கிடையாது. கணக்கு மனதில் ஓடி முடிவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அட, பாவிப் பொண்ணே! ஊர்ல நாள் கேட்டுட்டுச் செய்யின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே உன்கிட்ட!"

போமி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. அதில் கோபம்கூட இல்லை. இப்படித்தானா என்று ஊர்ஜிதம் செய்துகொள்வது போல இருந்தது. பிறகு மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"ஆமாங்க. மேடம் சொன்னாங்க. நான்தான் கேக்கல. மன்னிச்சிடுங்க."

"எடுத்துக்கிட்டுப் போ" என்றாள் மல்யோன்.

கொடுக்காத தட்டுகளைச் சுமந்துகொண்டு இருவரும் மேடு ஏறினார்கள். தோக்சுனுக்கு மூச்சு வாங்கியது. வாய் மட்டும் ஓயவில்லை. "அந்த நேரத்துக்கு அப்படிச் சொன்னாத்தான்மா சட்டுனு அடங்கும். நீ புதுசு, நாலு நாள்ல மறந்துடுவாங்க. நான்னு தெரிஞ்சா விசயமே வேற. நானே பக்குவமா எடுத்துச் சொல்லிச் சரிபண்ணிடறேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே, என்ன?"

"பரவாயில்லைங்க மேடம்."

தங்கமான பெண் என்று நினைத்துக்கொண்டாள் தோக்சுன். அப்படி நினைத்துக்கொள்வது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

நாலு நாளில் யாரும் மறக்கவில்லை. கணவாய்ப் பருவம் வந்தது. கரையோரம் முழுக்க மூங்கில் பந்தல்களில் வெள்ளை வெள்ளையாகக் கணவாய் தொங்கியது. போமி தினமும் விடிந்ததும் குழந்தையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு இறங்கி வருவாள். மல்யோன் வீட்டு வாசலில் நின்று இடுப்பை வளைத்து வணங்குவாள். கதவு திறக்காது. அங்கிருந்து காயப்போடுகிற இடத்துக்கு வந்து, யாரும் கேட்காமலேயே கூடைகளைக் கழுவ ஆரம்பிப்பாள். பனிக்காற்றில் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கழுவினவர்களுக்குத்தான் தெரியும். முடிவெட்டுகிற கை, விரல் கணுக்களில் வெடித்துச் சிவந்துபோனது.

"பாத்துடி, பேய் ஓட்டறவ வந்துட்டா" என்பாள் ஒருத்தி.

"எம் மாமியாரை ஓட்டணும், வர்றியான்னு கேளு. அது இன்னும் உசிரோட இருக்கு, பயறு வேலை செய்யுமா?" என்பாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரிப்பார்கள். தோக்சுனும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் கையிலிருக்கிற கணவாயைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அந்தப் பக்கம் கூடை கழுவுகிற சத்தம் நிற்காமல் கேட்டது.

ஏலக் கொட்டகைப் பக்கத்து அறை பூட்டியே கிடந்தது. முடி சுருட்டிக்கொள்ள ஊர்ப் பெண்கள் பஸ் ஏறி நகரத்துக்கே போனார்கள். மேட்டில், போமி வீட்டுப் பால்கனியில், அந்த நாற்காலி பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றது. ஒருநாள் தோக்சுன் கிம்ச்சி ஊறுகாய் கொடுக்கிற சாக்கில் போனபோது, குழந்தை உதட்டோரம் சிவப்பாக ஒட்டியிருக்க எதையோ மென்றுகொண்டிருந்தது. அந்தப் பலகாரத்தைத்தான் உறையவைத்துத் தினமும் இரண்டிரண்டு துண்டாகத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவையும் தூக்கிப்போட மனம் வரவில்லை என்று போமி சிரித்தபடி சொன்னாள்.

ஒருமுறை மல்யோனே நேராகக் கேட்டாள். இருவரும் பந்தலடியில் தனியாக இருந்தார்கள்.

"எனக்கு மனசு ஆறல, டேஜான்காரி. அறியாம செஞ்சிருந்தா நான் என்னைக்கோ விட்டிருப்பேன். சொல்லியும் கேக்காம செஞ்சாளே, அந்தத் திமிருதான் தாங்கல. நெசமாவே நீ சொல்லியிருந்தியா அவகிட்ட?"

கடவுளே வாய்ப்பைத் தட்டில் வைத்து நீட்டினது போலத்தான். தோக்சுன் மென்று விழுங்கினாள்.

"சொன்னேன் அக்கா. ரெண்டு தடவ சொன்னேன்."

ஒரு தடவையே பொய். இரண்டாவது தடவையை யாரும் கேட்கக்கூட இல்லை.

அந்த வாரக் கடைசியில் மல்யோன் முன்னால் கட்டியிருந்த துணியில் கை துடைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் ஒரு சாவியைத் தோக்சுன் மடியில் போட்டாள். "போயி அளவெடுத்துக்க. சுவத்துக்குத் தாள் ஒட்டணும், தரையில சூடு வர்ற கொழாயைப் பாக்கணும். உன் புருசன் ரிட்டயர் ஆகற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கறே? நம்மளோட எப்படிப் பொழங்கணும்னு மேட்டுல உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்." பத்தடி தள்ளிப் போமி கூடை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழ வேண்டும் என்றுதான் மல்யோன் அவ்வளவு உரக்கச் சொன்னாள்.

தோக்சுன் சாவியை எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று கப்பல் கரைக்கு வந்திருந்தது. பியோங்கில் சாவியைக் கண்டதும் சின்னப் பையனைப் போலச் சந்தோஷப்பட்டார். சாப்பாட்டு மேசையில், சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே அதை வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். எந்தச் சன்னலுக்குக் கீழே தூண்டில்களை மாட்டுவது என்றுகூட முடிவு செய்துவிட்டார். பிறகு, உப்பு எடு என்று சொல்வது போல, ஒன்று சொன்னார்.

"நம்ம தேகியூ பொண்டாட்டி ஊர்ல ஏதோ ரகளை பண்ணிட்டாளாமே? கப்பல் வரைக்கும் பேச்சு வந்துடுச்சு."

"ரகளையெல்லாம் இல்ல..."

"பையன் நல்லா வேலை செய்வான். ஆனா பணி நிரந்தரம்னா குடும்பத்தையும் பாப்பாங்க. ஊர்க்காரங்களோட ஒத்துப்போகாத குடும்பத்தை எங்க போட முடியும்? டிசம்பர்ல லிஸ்ட்டு. என்கிட்டதான் கருத்துக் கேப்பாங்க. என்ன எழுதறதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

தோக்சுன் கரண்டியைக் கீழே வைத்தாள். 'பரவாயில்லைங்க மேடம்' என்று அன்று மேடேறும்போது போமி சொன்னது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதைத் தங்கமான குணம் என்று நினைத்தாளே! தேகியூவின் வேலை தன் கணவன் கையெழுத்தில் தொங்குகிறது. அந்தப் பெண் வேறு என்னதான் சொல்லியிருக்க முடியும்? தோக்சுன் பழி போட்டபோது அதை வாங்கிக்கொள்வதைத் தவிர அவளுக்கு வழியே இருக்கவில்லை. பெண்களுக்குள் பதவி கிடையாது என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததும், அதைக் கேட்டு எல்லோரும் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தன. தலையாட்டாமல் வேறு என்ன செய்வார்கள்? தூ, என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது அவளுக்கு. ஆனாலும் அப்போது வாய் திறக்கவில்லை. சாவி கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

காலையில் பியோங்கில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது குளியலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் பாதி முகத்தில் நுரையோடு கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார்.

"நேத்து நான் பேசினப்ப ஏன் என் வாயை மூடல நீ?"

அவள் துண்டை எடுத்து நீட்டினாள்.

"ஒரு நல்ல பையனைப் பத்தி நான் தப்பா எழுதியிருப்பேன், தோக்சுன்." அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மெதுவாகத்தான் சொன்னார். "சாவியைக் கொண்டுபோயிக் குடுத்துடு."

பந்தலடியில் எல்லோரும் இருந்தார்கள். போமி இன்னும் வந்திருக்கவில்லை. தோக்சுன் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். நாளைத் தப்பாக நினைத்தது தான், நாள் கேட்கலாமா என்று கேட்டது போமி, வேண்டாம் என்றது தான், கடையில் பலகாரத்துக்குச் சொன்னது தான், பழியைத் தூக்கி அந்தப் பெண் தலையில் போட்டதும் தான். வீடு கைவிட்டுப் போய்விடுமே என்று பயந்துதான் அப்படிச் செய்தேன் என்பதையும் சொன்னாள். பூசி மெழுகவில்லை. கணவாய் கிழிக்கிற கத்திகளெல்லாம் நின்றுவிட்டன.

"அப்ப அந்தப் பொண்ணும்ல பொய் சொல்லியிருக்கு? மேட்டுக்காரிங்க எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு" என்றாள் ஒருத்தி.

மல்யோன் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டாள்.

"செத்தவரு அடுத்த வருசம் வருவாரு. அவருகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா அந்தப் பொண்ணு தெனம் காலையில எம் வாசல்ல வந்து குனிஞ்சு நின்னுச்சே, நான் உள்ள உக்காந்துக்கிட்டுக் கதவைத் தெறக்காம இருந்தேனே, அதுக்கு நான் யாருகிட்டப் போயி நிக்கிறது? என்னை இப்படி ஆக்கிட்டியே, டேஜான்காரி."

தோக்சுன் சாவியைக் கணவாய்ப் பலகையில் வைத்தாள். மல்யோன் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி கத்தியைப் பிடித்தாள். உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எல்லோரும் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தோக்சுன் உட்காருகிற இடத்தில் யாரோ கூடையை நகர்த்தி வைத்தார்கள்.

வீடு போயிற்று, பங்கு போயிற்று, பத்து வருடம் போயிற்று. ஆனாலும் மேடு ஏறும்போது அவளுக்கு நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் கர்வம்கூட. எத்தனை பேருக்கு இப்படி ஊர் நடுவில் நின்று சொல்லத் துணிச்சல் வரும்? போமிக்கு அறை கிடைத்துவிடும், மல்யோனே கூப்பிட்டுக் கொடுப்பாள், அந்த நாற்காலியைத் தூக்கக் கடைசியில் தானே ஒரு கை பிடிக்கலாம் என்றெல்லாம் நினைத்துக்கொண்டே போய் மணியை அழுத்தினாள்.

போமி கதவைத் திறந்தாள். ரப்பர் காலணி போட்டுக்கொண்டு கீழே இறங்கத் தயாராக இருந்தாள். குழந்தையின் பள்ளி வேன் அன்று தாமதம் போல. உள்ளே டிவியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது.

"இனிமே நீ கூடை கழுவப் போக வேணாம்மா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஊர் முன்னாடியே சொல்லிட்டேன். வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்."

போமியின் முகம் வெளுத்தது. "ஐயாகிட்டயா?"

"ஆமா. உன் மேல ஒரு தப்பும் இல்லேன்னு தெளிவா..."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலியே மேடம்."

"ஏன்மா? நல்லதுக்குத்தானே?"

"அன்னைக்கு 'மேடம் சொன்னாங்க, நான்தான் கேக்கல'ன்னு அந்த அம்மா வீட்டுப் படையலுக்கு முன்னாடி மண்டிபோட்டுச் சொன்னது நான். இப்ப நான் பொய் சொன்னவளாயிட்டேன்ல? இத்தனை நாளா கும்பிட்டது, கழுவினது எல்லாமே அவங்களுக்கு நடிப்பாத் தெரியும். ஐயாவும் இனிமே எங்க வீட்டுக்காரரைப் பாக்கறப்பல்லாம் இதுதான் நெனப்புக்கு வரும்." உடனே சுதாரித்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க மேடம். அதிகமாப் பேசிட்டேன். எங்களுக்காகத்தானே சொன்னீங்க. ரொம்ப நன்றிங்க."

அந்த நன்றி தோக்சுன் முகத்தில் அறைந்தது. நெஞ்சில் இருந்த லேசும் கர்வமும் இருந்த இடம் தெரியாமல் போயின. இந்தத் தடவையும் அவள் கேட்காமல்தான் செய்திருக்கிறாள். இந்தத் தடவையும் தன் பாரத்தை இறக்கிவைக்கத்தான்.

"நன்றி சொல்லாதேம்மா. திட்டு. நாலு வார்த்தை நல்லாத் திட்டிடு என்னை."

"பரவாயில்லைங்க மேடம்."

"அதைச் சொல்லாதேன்னுதானே கேக்கறேன்!" தோக்சுன் ஓர் அடி முன்னால் வந்தாள். "டிசம்பர்னு ஒண்ணு இல்லேன்னு வெச்சுக்க. லிஸ்ட்டு இல்ல. என் புருசன் உன் புருசனுக்கு மேல இல்ல. நீயும் நானும் ரெண்டு பொம்பளைங்க, அவ்வளவுதான். அப்ப என்ன சொல்லுவே?"

போமி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். கேட்டது மேடம், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"அப்படி எதுவும் இல்லேன்னா..." என்றாள், மரியாதை குறையாத அதே மெல்லிய குரலில். "கதவையே தெறந்திருக்க மாட்டேங்க, மேடம்."

சொல்லிவிட்டு இடுப்பை வளைத்து வணங்கினாள். வணங்கியபடியே நின்றாள். மூத்தவர் மனைவி வாசலில் நிற்கும்போது கதவைச் சாத்துவது மரியாதை இல்லை என்பதால் காத்துக்கொண்டு நின்றாள். தோக்சுன் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் அடுத்த தளத்துக்கு இறங்கிய பிறகுதான் மேலே கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது.